கோடையில பூக்குற கிழங்குச் செடியெல்லாம் தொட்டியில வருமா?

தாராளமா வரும். லில்லி, கிளாடியோலஸ், சம்பங்கி எதுன்னாலும் தொட்டி 12 இன்ச் ஆழமாவது இருக்கணும், அடியில ஓட்டை கட்டாயம். கிழங்கோட உயரத்தைப்போல ரெண்டு மூணு மடங்கு ஆழத்துல முளை மேல பார்க்க வைங்க. நிறைய பேர் கோட்டை விடுறது தண்ணியிலதான், நட்டப்போ ஒருதடவை ஊத்திட்டு முளை எட்டிப்பார்க்குற வரைக்கும் மேல்மண்ணு காஞ்சா மட்டும் ஊத்துங்க, இல்லேன்னா கிழங்கு கொழகொழன்னு அழுகிடும். முளைச்சப்புறம் கதையே வேற, வெயில்ல தொட்டி மண்ணு சீக்கிரம் காயும், தினமும் விரலை விட்டுப் பாருங்க. யூரியாவை அள்ளிப் போட்டா இலைதான் புசுபுசுன்னு வரும், மொட்டு வைக்கிறப்போ கொஞ்சம் பொட்டாஷ் போதும். பூ வாடினா பூவை மட்டும் கிள்ளுங்க, இலை தானா மஞ்சளாகட்டும், கிழங்கு அடுத்த வருஷத்துக்கு சத்து சேர்க்குறது அதுலதான். வீட்டுல பூனை இருந்தா லில்லியே வேணாம், மகரந்தம்கூட அதுக்கு விஷம்.