நிமிர்த்தினால் தள்ளுகிறாரே அப்பா!

கேள்வி: அப்பாவுக்கு வயது 63. பக்கவாதம் வந்து ஐந்து வாரமாகிறது. இடது கை, கால் வரவில்லை; பேச்சு தெளிவாக இருக்கிறது. கட்டிலில் உட்கார வைத்தால் இடப்பக்கம் சரிகிறார். நிமிர்த்தினால், “விழப்போறேன்” என்று கத்தி எதிர்த்துத் தள்ளுகிறார். இடப்பக்கம் தலையணை அடுக்கினால் அதன்மேல் இன்னும் சாய்கிறார். பிடிவாதமா, பயமா?

பதில்: பிடிவாதம் இல்லை, பயம் உண்மையானது. ‘எதிர்த்துத் தள்ளுகிறார்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் முக்கியமான துப்பு. தசை வலுவிழந்து சரிபவர், நிமிர்த்தினால் உங்களோடு வருவார். நல்ல கையால் எதையாவது பிடித்துத் தன்னை இழுத்துக்கொள்ளவும் பார்ப்பார். அவருக்குத் தலையணை முட்டு உதவும். உங்கள் அப்பாவைப் போன்றவர்கள் நல்ல கையையும் காலையும் ஊன்றி, செயலிழந்த பக்கமாகத் தங்களையே தள்ளுவார்கள். உடம்பு நேராக இருக்கிறதா என்ற உணர்வு மூளையில் பிசகியிருப்பதே காரணம். அதனால் வெளியிலிருந்து அழுத்த அழுத்த எதிர்ப்புதான் கூடும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒருவர் காவலாக நிற்கட்டும். அழுந்தாத கட்டில் அல்லது பெஞ்சில், பாதம் இரண்டும் தரையில் படிய, முழங்கால் செங்கோணத்தில் மடங்க உட்கார வையுங்கள் (சோபா கூடவே கூடாது, கால் தொங்கினால் பலகை போடுங்கள்). வலது உள்ளங்கையை மேல்நோக்கித் தொடைமேல் வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கை கட்டில் விளிம்பைத் தேடிப் போய் ஊன்றினால், தள்ளும் வகைதான். தோளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். புட்டத்தின் இருபுறமும் உள்ளங்கையைச் செருகி, பாரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் நின்று, கீழ்முதுகு கூன்போட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். இடுப்பு பின்னால் சரிந்திருந்தால் மேலே எதைத் திருத்தினாலும் நிற்காது.

இத்தகையவர்களுக்குக் கண் பெரும்பாலும் ஏமாறுவதில்லை. கதவு நிலைச்சட்டத்தைப் பார்க்கும்படி எதிரே உட்கார வைத்து, “அது நேரா இருக்கா? நீங்க அதுபோல இருக்கீங்களா?” என்று கேளுங்கள். நீங்கள் திருத்தாமல், தன் சாய்வை அவரே கண்டுபிடிக்கட்டும். அடுத்து வலப்பக்கம், கை எட்டுவதற்குச் சற்றே அப்பால் ஒரு டம்ளர் வையுங்கள். எட்டித் தொட்டு, ஐந்து எண்ணும்வரை அங்கேயே இருந்து, நடுவுக்குத் திரும்ப வேண்டும். எட்டும்போது பாரம் வலப்புட்டத்துக்கு மாறினால்தான் பயன். கை மட்டும் நீண்டால் வீண். பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை போதும். களைத்ததும் நிறுத்திவிடுங்கள், களைப்பில் தள்ளுதல் கூடும். வலப்பக்கம் சுவர் இருந்தால், தோளால் அதைத் தொடச் சொல்வதும் நல்ல பயிற்சி.

இடது கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே வேண்டாம், தோள்மூட்டு இறங்கிவிடும். உட்காரும்போது அந்தக் கை முன்னாலுள்ள மேஜைமீதோ மடியில் வைத்த தலையணைமீதோ இருக்கட்டும்.

பிசியோதெரபிஸ்டிடம், பக்கவாதம் வந்தவர்களின் உடல் சமநிலையை அளக்கும் ‘பாஸ்’ (PASS) அளவுகோலில் மதிப்பெண் போடச் சொல்லுங்கள். உட்கார்வது, புரள்வது, எழுவது, நிற்பது என 12 செயல்கள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 36. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறித்து வைத்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றமும் தெரியும். தள்ளும் பழக்கம் பெரும்பாலோருக்கு ஆறு மாதத்துக்குள் குறைந்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை: சாய்வு திடீரென்று அதிகமானாலோ, பேச்சு குழறினாலோ, கடும் தலைவலி வந்தாலோ பயிற்சியை விட்டுவிட்டு உடனே 108-ஐ அழையுங்கள்.