விளக்கு எரிகிறது, திரை மட்டும் வெறுமை: கேம் கிட்டில் எங்கே தேடுவது?

கேள்வி: 13 வயது மகளும் நானும் சேர்ந்து கையடக்க கேம் கன்சோல் கிட் ஒன்றைச் சால்டர் செய்து முடித்தோம். ஏடிமெகா328பி சிப், நோக்கியா 5110 திரை. ஸ்விட்சைப் போட்டால் பின்விளக்கு எரிகிறது, படம் வரவில்லை. சிப் போய்விட்டதா, திரை போய்விட்டதா? தம்பி மகனுக்கு இதே கிட் இன்னொன்று வாங்கி வைத்திருக்கிறோம். அதில் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே போயிருக்காது. பிரான்சில் உருவான கேம்புயினோ, அதையொட்டி 2017இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற நிதிதிரட்டும் தளம் வழியே குரோவேஷியாவிலிருந்து வந்த மேக்கர்புயினோ ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது உங்கள் கிட். இந்த வகையில் பழுது என்றால் முதல் சந்தேகம் பற்றவைப்பின் மீதும், இடம் மாறி உட்கார்ந்த பாகத்தின் மீதும்தான். புதுத் திரைக்கு ஆர்டர் போட வேண்டாம். எதையும் பிடுங்கவும் வேண்டாம். பலகையிலிருந்து 8 முனைத் திரையைக் கழற்றப் போய்ச் செப்புத் தடத்தையும் சேர்த்து உரித்துவிட்டால், அதைச் சரிசெய்வதுதான் பெரிய வேலை.

பின்விளக்கு எரிவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சில பலகைகளில் அது நேரே மின்சாரத்தோடு இணைந்திருக்கும், சிலவற்றில் சிப்பின் ஒரு கால் அதை இயக்கும். ஒலியைக் கேளுங்கள். வால்யூம் திருகை முழுதாக ஏற்றி ஸ்விட்சைப் போடுங்கள், பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். பட்டனை அழுத்தும்போது சின்ன 'டிக்' சத்தம் கேட்டாலே சிப்பும் நிரலும் ஓடுகின்றன என்று பொருள், தேட வேண்டிய இடம் திரைதான். சத்தமே இல்லையென்றால் மின்சாரத்திலிருந்து தொடங்குங்கள்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு சிப்பைச் சாக்கெட்டிலிருந்து மெல்ல நெம்பி எடுங்கள். 28 கால்களில் ஒன்று உள்பக்கமாக மடிந்து சிப்பின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருப்பது சகஜம், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. சிப்பின் ஒரு முனையிலுள்ள அரைவட்ட வெட்டு, பலகையில் அச்சிட்ட வெட்டோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். சிப் இல்லாமலே பேட்டரியை மாட்டி, சாக்கெட்டின் 7ஆம் துளைக்கும் 8ஆம் துளைக்கும் இடையே மல்டிமீட்டரால் அளவெடுங்கள் (வெட்டு மேலே இருக்கும்படி வைத்தால் இடப்பக்கம் மேலே இருப்பது 1; அங்கிருந்து கீழே 14 வரை, பிறகு வலப்பக்கம் கீழிருந்து மேலே 28 வரை எண்ண வேண்டும்). கையேட்டில் உள்ள மின்னழுத்தம், இந்த வகையில் பொதுவாக 3.3 வோல்ட், வர வேண்டும். 20க்கும் 22க்கும் இடையிலும் அதே அளவு வேண்டும். வராவிட்டால் மின்னழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டரையும் ஸ்விட்சையும் பாருங்கள். 7-8இல் வந்து 20-22இல் வரவில்லையென்றால், அந்த இரண்டு முனைகளில் ஒன்று சரியாக ஒட்டவில்லை.

மின்சாரம் சரியாக இருந்தால் பேட்டரியைக் கழற்றி, சிப்பைப் பொருத்தி, மறுபடி மின்சாரம் கொடுத்து 1ஆம் காலுக்கும் 8ஆம் காலுக்கும் இடையே அளவெடுங்கள். 1ஆம் கால்தான் ரீசெட். கிட்டத்தட்ட முழு மின்னழுத்தமும் அங்கே இருக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் சிப் ஓயாமல் ரீசெட்டிலேயே கிடக்கிறது. அந்த முனை மண் இணைப்போடு (GND, பேட்டரியின் மைனஸ் பக்கம்) ஈயத்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரீசெட் பட்டன் இருக்கும் பலகையென்றால் அது திசைமாறிப் போயிருக்கிறது.

அடுத்தது 9, 10ஆம் கால்களில் இருக்கும், சிப்புக்குக் கடிகாரத் துடிப்பைத் தரும் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். அதன் இருபுறமும் 22 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் ஒவ்வொன்று உண்டு. உடம்பில் '22' என்றிருக்கும். பக்கத்திலேயே '104' என்று எழுதிய, பார்வைக்கு அச்சு அசலாக அதே போன்ற கெப்பாசிட்டர்களும் பையில் இருக்கும். 104 என்றால் 10க்குப் பின்னால் 4 பூஜ்யம், அதாவது 1,00,000 பைக்கோஃபாரட். அதைக் கிரிஸ்டலுக்குப் பக்கத்தில் வைத்தால் கடிகாரத் துடிப்பே தொடங்காது, சிப் பிணம்போல் கிடக்கும். லென்ஸ் வைத்துப் படியுங்கள். சாதாரண மல்டிமீட்டரால் இந்தத் துடிப்பை அளக்க முடியாது என்பதால் இங்கே கண்தான் கருவி.

இனி திரை. மின்னழுத்தம் சரி, ஒலியும் வருகிறது, படம் மட்டும் இல்லையென்றால் திரையைச் சாய்த்து ஓரத்திலிருந்து பாருங்கள். மங்கலாக நிழலுருவம் தெரிந்தால் கான்ட்ராஸ்ட்தான் பிரச்சினை. இந்தத் திரையில் அது மென்பொருளால் அமைக்கப்படுகிறது. சுத்தமாக ஒன்றும் தெரியாவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, தரவு வரும் ஐந்து முனைகளையும் (ரீசெட், தேர்வு, தரவு-கட்டளை, தரவு, கிளாக்) ஒவ்வொன்றாகச் சாக்கெட்டின் கால்வரை தொடர்ச்சி (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்று மீட்டரின் பீப் நிலையில்) பாருங்கள். பலகையில் இடையே ரெசிஸ்டர் இருந்தால் மீட்டர் பீப் அடிக்காமல் அந்த அளவைக் காட்டும். அதுவும் சரிதான். சில வரிசைகள் மட்டும் காணாமல் போனால் உலோகச் சட்டத்தின் மடிப்புக் காதுகளை இலேசாக இறுக்குங்கள். கண்ணாடிக்கும் பலகைக்கும் நடுவே அழுத்தத்தில்தான் தொடர்பு நிற்கிறது.

ஒருவேளை கடைசியில் திரையே மாற்ற வேண்டி வந்தால் ஒரு எச்சரிக்கை. 5110 திரை சிவப்புப் பலகையிலும் நீலப் பலகையிலும் கிடைக்கிறது, இரண்டிலும் 8 முனைகளின் வரிசை வேறுவேறு. பழைய திரையின் முனைப் பெயர்களைப் படம் எடுத்துக்கொண்டு, அதே வரிசை உள்ளதையே வாங்குங்கள்.

இரண்டாவது கிட்டுக்கு வருவோம். 0.8 மில்லிமீட்டர் அல்லது அதைவிட மெல்லிய, உள்ளே ஃப்ளக்ஸ் உள்ள 60/40 ஈயக் கம்பி வாங்குங்கள். கடையில் 'சால்டர் லெட்' என்று கேட்டாலே கொடுப்பார்கள். தகரம், குழாய் ஒட்டும் அமிலப் பேஸ்ட்டைப் பலகை அருகே கொண்டுவராதீர்கள், அது தடத்தை அரித்துவிடும். வெப்பம் மாற்றக்கூடிய அயர்ன் இருந்தால் 330 டிகிரி செல்சியஸ் அளவில் வையுங்கள். முனையையும் காலையும் ஒரே நேரத்தில் சூடாக்கி, இரண்டு மூன்று விநாடியில் ஈயம் ஊட்டி எடுத்துவிட வேண்டும். மண் முனைகளுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். அவை பெரிய செப்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஐந்து விநாடி வரை ஆகும். ஈயம் எரிமலைபோல் சரிந்து படிந்தால் நல்ல ஒட்டு, முத்துபோல் உருண்டு நின்றால் ஒட்டவில்லை. ஜன்னலைத் திறந்துவையுங்கள். வேலை முடிந்ததும் பிள்ளைகள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும், ஈயம் விளையாட்டில்லை.

குட்டையான பாகம் முதலில், உயரமானது கடைசியில். ரெசிஸ்டர், டயோடு, சாக்கெட், கெப்பாசிட்டர், கிரிஸ்டல், பட்டன், பிறகே திரையும் பேட்டரியும். உயரமானதை முதலில் வைத்தால் பலகையைக் கவிழ்க்கும்போது குட்டையானவை நழுவி விழும். நீல நிற ரெசிஸ்டரின் ஐந்து கோடுகளை நம்பி வைக்காதீர்கள். 10 கிலோஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, கறுப்பு, சிவப்பு, பழுப்பு. அதையே மறுமுனையிலிருந்து படித்தால் 120 ஓம் ஆகிவிடும்! ஒவ்வொன்றையும் அளந்து காகிதத்தில் ஒட்டிப் பெயரெழுதும் வேலையை மகளிடம் கொடுத்துவிடுங்கள். எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டரின் நீளக்கால் பிளஸ். நான்கு கால் பட்டன் துளைக்குள் இலகுவாக இறங்க வேண்டும். அழுத்தித் திணிக்க நேர்ந்தால் 90 டிகிரி திரும்பியிருக்கிறது, அப்படியே ஒட்டினால் எப்போதும் அழுத்தியபடியே இருக்கும்.

பேட்டரியில்தான் உண்மையான ஆபத்து. இணைப்பானின் சிவப்பு-கறுப்பு வரிசைக்குப் பொதுவான தரம் கிடையாது. மாட்டும் முன் மீட்டரால் பிளஸ் எது என்று உறுதிசெய்யுங்கள், தலைகீழாக மாட்டினால் சார்ஜர் சிப் நொடியில் கருகும். கம்பியை நேரே ஒட்டும் கிட் என்றால் ஸ்விட்ச் அணைந்திருக்கட்டும், கம்பிகளை ஒவ்வொன்றாக உரித்து ஒட்டுங்கள். இரண்டையும் ஒரே வெட்டில் நறுக்கினால் கத்தரிக்கோலே ஷார்ட் ஆக்கிவிடும். சார்ஜருக்கு டிபி4056 பலகையைத் தனியாக வாங்கினால் அதன் மேலுள்ள '122' எழுதிய ரெசிஸ்டரைக் கவனியுங்கள். 1.2 கிலோஓம் என்பது 1 ஆம்பியர் சார்ஜ். 600 மில்லியாம்பியர்-மணி பேட்டரிக்கு அது அதிகம். 4 கிலோஓம் போட்டால் சுமார் 300 மில்லியாம்பியர்தான் பாயும். முதல் இரண்டு முறை சார்ஜ் போடும்போது பக்கத்திலேயே இருங்கள். செல் உப்பினாலோ கையில் சூடு சுட்டாலோ உடனே கழற்றி, வெளியே மணல்மீது வைத்துவிடுங்கள்.