கடலுக்குப் போனோம் சரி, எத்தனை பேர் இறங்கினோம்?

கேள்வி: எங்கள் காலத்தில் செங்கோட்டையில் ரயில் ஏற்றி, பள்ளிக்கூடத்திலிருந்தே கொல்லம் கடற்கரைக்குக் கூட்டிப் போவார்கள். அலையில் ஆட்டம் போட்டுவிட்டு வருவோம். இப்போது என் பேரன் படிக்கும் பள்ளியில் கடல் ஆபத்து என்று சொல்லி, தீம் பார்க்குக்குக் கூட்டிப் போகிறார்கள். அன்றைய வாத்தியார்களின் துணிச்சல் இன்று ஏன் யாருக்கும் இல்லை?
– வாசகர் ஒருவர், புளியரை

பதில்: அண்ணாச்சி, பேரன் கடலைப் பார்க்க வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சிதான். அந்தத் 'துணிச்சல்' என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

அதே ரயிலில் நானும் போயிருக்கிறேன். 1979, ஒன்பதாம் வகுப்பு, பொங்கல் முடிந்த வாரம். மீட்டர் கேஜ் வண்டி, மலையேற முன்னால் ஒன்று பின்னால் ஒன்று என்று இரண்டு கரி எஞ்சின். ஆரியங்காவுக் குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்க ஓவென்று கத்தல். வெளியே வந்தால் கண்ணெல்லாம் கரித்தூள். பதிமூன்று கண் பாலத்தின்மேல் போகும்போது கீழே ரோட்டில் போகிற லாரிக்குக் கை காட்டினோம். அதுவரைக்கும் பையன்கள், பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரே பயணம்தான்.

மணலுக்கு வந்ததும் வாத்தியார் சொன்னார்: "பையன்கள் இறங்கலாம். பொம்பளைப் பிள்ளைங்க சாமானைப் பாத்துக்கிடுங்க." நாங்கள் பதினெட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்தோம். என் மடியில் நாலு சட்டை, ஒரு கைக்கடிகாரம், யாருடையதோ தூக்குச்சட்டி. நீங்கள் ஆட்டம் போட்ட அலை எங்களுக்குக் கணுக்கால் மட்டும்தான். அதுவும் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு, ரெண்டு நிமிஷம்.

உட்கார்ந்திருந்ததால்தான் அதைப் பார்த்தோம். கொல்லத்தில் கரையோரத்திலேயே சடாரென்று ஆழம் விழும். திரும்புகிற அலை காலடி மணலை உருவிக்கொண்டு போகும். எங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் தலை மட்டும் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. வாத்தியார்கள் தள்ளி, தென்னை நிழலில் இருந்தார்கள். நாங்கள் போட்ட கூச்சலில், வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு மீனவர்கள் ஓடினார்கள். தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து மணலில் குப்புறப் போட்டார்கள். அவன் தண்ணீரைக் கக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

திரும்பும்போது, "வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது" என்று எங்களிடம் சொன்னார்கள். விடவில்லை. என் அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. அந்த ஊர்க்காரர்கள் இரண்டு பேருக்கு நன்றி சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. கயிறு இல்லாமல், நீந்தத் தெரிந்த ஒரு ஆள் இல்லாமல் அறுபது பிள்ளைகளைக் கடலில் விட்டதைத் துணிச்சல் என்று சொல்லாதீர்கள்.

சரி, அதற்காகத் தீம் பார்க்கா? அதுவும் தப்பு. ஆனி, ஆடியில் நம் ஊர்ச் சாரல் எங்கிருந்து வருகிறது? அந்த அரபிக் கடலிலிருந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக. குற்றாலத்தில் குளிக்கிற பிள்ளை, அந்தத் தண்ணீர் புறப்பட்ட இடத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டாமா? 1904-ல் வந்த ரயில் பாதை அது. அகலப் பாதைக்காக 2010-ல் நிறுத்தி, 2018-ல்தான் மறுபடி முழுசாக ஓட விட்டார்கள். அந்த எட்டு வருஷப் பிள்ளைகளுக்குத்தான் ரயில் இல்லை. உங்கள் பேரனுக்கு இருக்கிறது.

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து பேசுங்கள். மழைக்காலத்தில் வேண்டாம், ஜனவரி, பிப்ரவரியில் போகட்டும். உயிர்காப்பாளர் இருக்கிற நேரத்தில், அவர் கைகாட்டுகிற இடத்தில் மட்டும், முழங்கால் அளவுக்கு. ஐந்து பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவரும் தண்ணீரில் நிற்க வேண்டும். கடல் இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல் பக்கவாட்டில் ஒதுங்க வேண்டும் என்று, புறப்படும் முன்பே வகுப்பில் படம் போட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். பெண் பிள்ளைகளையும் மாற்றுத் துணி கொண்டுவரச் சொல்ல வேண்டும். அவர்களும் இறங்கட்டும். சாமானைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு பெரியவரை உட்கார வையுங்கள்.