ரேடியேட்டர் வாங்கச் சொல்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரியில் காய்கறி ஏற்றும் பழைய டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். புகை அதிகம் என்பதால் மேட்டுப்பாளையத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இ.ஜி.ஆர். (வெளியேறும் புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் அமைப்பு) கூலர் உள்ள புது மாடல் இன்ஜின் போட்டேன். கூலருக்குத் தண்ணீர் வர, கேபினைச் சூடாக்கும் ஹீட்டரின் ஓஸை வெட்டி இணைத்தார்கள். இப்போது லோடு இல்லாமல் ஏறினால்கூடக் குஞ்சப்பனை வருவதற்குள் கொதிக்கிறது. பெரிய ரேடியேட்டர் போட 22,000 ரூபாய் கேட்கிறார்கள்.

பதில்: அவசரப்படாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் என்று ஹீட்டரை மூடித்தானே வண்டியை எடுக்கிறீர்கள்? கூலரை ஹீட்டரோடு ஒரே வரிசையில் கோத்திருந்தால், ஹீட்டர் வால்வு மூடியதும் கூலருக்குள் தண்ணீர் ஓட்டமே நின்றுவிடும். வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவதுதான் கூலரின் வேலை. அந்தச் சூட்டை முழுக்கத் தண்ணீர்தான் வாங்க வேண்டும். தேங்கிய தண்ணீர் அங்கேயே கொதித்து, ஆவி மொத்தக் குளிரூட்டலையும் கெடுக்கும். ரேடியேட்டர் எவ்வளவு பெரிதானாலும் இது தீராது. (இ.ஜி.ஆர். குறைப்பது நைட்ரஜன் ஆக்சைடைத்தான். உங்கள் கரும்புகை குறைந்திருந்தால் அதற்குக் காரணம் புது இன்ஜினின் டீசல் பம்பும் இன்ஜெக்டரும்.)

ஹீட்டரைத் திறந்து ஓட்டிப் பார்த்தால் போதுமே என்பீர்கள். போதாது. ஹீட்டரும் சூட்டை வெளியே தள்ளும், அதனால் ரேடியேட்டரில் குறை இருந்தாலும் மறைந்துவிடும். ஒரு ஓஸ் துண்டால் ஹீட்டரைத் தாண்டி நேராக இணைக்கச் சொல்லி, லோடோடு ஏறிப் பாருங்கள். கொதிக்கவில்லையா? அப்படியானால் குற்றம் இணைப்பில்தான். டீ ஜாயின்ட் (T வடிவ இணைப்பு) போட்டுக் கூலருக்குத் தனிப் பாதை கொடுத்தால் சில ஆயிரத்தில் முடியும். கூலரின் மேட்டுப் பகுதியில் காற்று தங்காமல் வெளியேற்றவும் சொல்லுங்கள். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) எல்போ வேண்டாம், துருப்பிடித்து அடைக்கும்.

அப்படியும் கொதித்தால் முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். கோத்தகிரி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93, 94 டிகிரியிலேயே கொதிக்கும். அதை 110-க்கு மேல் தள்ளி வைப்பது மூடியின் அழுத்தம்தான். சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைந்து, வெண்புகையும் வந்தால் கூலரே உள்ளே ஓட்டையாக இருக்கலாம். வழியில் ஊற்றுத் தண்ணீர் பிடித்து ஊற்றும் பழக்கத்தையும் விடுங்கள்.

இணைப்புத் தவறுதான் என்றால் இலவசமாகச் சரிசெய்யச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். அப்புறம் ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் கோவை மாவட்டத்தில் இருந்தாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, கெடு 2 ஆண்டு. பில் கையில் இருக்கிறதல்லவா? புது இன்ஜின் நம்பர் ஆர்.சி.யில் ஏறியதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஏறாவிட்டால் அடுத்த எஃப்.சி.யில் (தகுதிச் சான்று) சிக்கல் வரும்.