மேஜை ஆட்டம் கேள்வி – பதில்: சுவருக்குள் ஒரு கதவு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிக் கதையாக ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை நடுவராக நடத்துகிறேன். கல்லறைக்குப் போகும் ஒரே வழியை ரகசியக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். ஆட்டக்காரர்கள் நான்கு பேரும் பர்செப்ஷனுக்கு (கவனிக்கும் திறன்) பகடை உருட்டினார்கள், கதவு தெரியத் தேவையான 15 யாருக்கும் வரவில்லை. அப்புறம் ஆட்டம் நகரவே இல்லை. எண்ணைக் குறைத்திருக்க வேண்டுமோ?
– வாசகர், கோவை

எண்ணில் கை வைக்க வேண்டாம், கதவை இடம் மாற்றுங்கள். கதை மேலே போக எது கட்டாயமோ, அதைப் பகடையை நம்பி விடக் கூடாது. கல்லறைக்கு நேர் வழி ஒன்று திறந்தே இருக்கட்டும். அதில் காவலும் பொறியும் நிறைய இருக்கட்டும். ரகசியக் கதவு அந்தக் காவலைச் சுற்றிக்கொண்டு போகும் குறுக்கு வழியாக இருக்கட்டும். கண்டுபிடித்தால் அவர்களுக்கு லாபம். கண்டுபிடிக்காவிட்டால் அடிபட்டாவது போய்ச் சேருவார்கள்.

எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2014ஆம் ஆண்டு விதிப்படி, தேடாமல் சும்மா நடந்து போகிறவருக்கு பாசிவ் பர்செப்ஷன் உண்டு: 10உடன் அவருடைய பர்செப்ஷனுக்கு உரிய கூட்டல் எண்ணைச் சேர்த்தால் வருவது. உங்கள் குழுவில் கண் கூர்மையானவருக்கு அது 14 என்று வைத்துக்கொள்வோம். கதவுக்கு 13 என்று எழுதினால் நிச்சயம் பார்ப்பார். 15 என்று எழுதினால் நடக்கிற நடையில் பார்க்கவே மாட்டார். ஆக, முந்தின நாள் இரவு நீங்கள் அந்த எண்ணை எழுதும்போதே பாதி முடிவாகிவிட்டது. அதனால்தான் என் ஆட்டங்களில் பாசிவ் பர்செப்ஷனை வைத்து நான் கதவைக் காட்டுவதில்லை, தடயத்தைக் காட்டுகிறேன்.

கதவை ஒளித்தவன் அதன் வழியாகப் போய் வருகிறவன். புழங்குகிற கதவு ஏதாவது ஒரு அடையாளத்தை விடாமல் இருக்காது. ஓர் உதாரணம்: கோப்ளின்கள் என்ற குட்டிப் பூதங்கள் பிடித்துக்கொண்ட ஒரு பழைய காவல் கோபுரம். அதன் கீழ்த்தளத்தில் அங்கிகள் மாட்டும் இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் துருப்பிடித்தவை, கடைசிக் கொக்கி மட்டும் பளபளக்கிறது. 14 உள்ளவரிடம் இவ்வளவுதான் சொல்வேன். அவர் ஒன்றும் கேட்காமல் நகர்ந்தால் சரி, போகட்டும். “அந்தக் கொக்கியைப் பிடித்துக் கீழே இழுக்கிறேன்” என்றால் கதவு திறக்கிறது. அங்கே பகடை எதற்கு? என்ன செய்கிறோம், எங்கே செய்கிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிட்ட ஆட்டக்காரரை உருட்டச் சொல்லித் தோற்கடிப்பது அநியாயம். “அறையைத் தேடுகிறேன்” என்று பொதுவாகச் சொல்கிறவருக்குத்தான் பகடை.

ரகசியக் கதவு, மறைத்த கதவு என்று இரண்டு சொல்கிறார்களே, என்ன வித்தியாசம்?
– வாசகி, திருச்சி

ரகசியக் கதவு பார்வைக்குச் சுவராகவே இருக்கும். மறைத்த கதவு சாதாரணக் கதவுதான். அதன் முன்னால் திரைச்சீலையோ பீப்பாய்களோ அலமாரியோ நிற்கும். இரண்டாவதற்குப் பகடையே வேண்டாம் என்பது என் கட்சி. திரையை விலக்குகிறேன் என்று ஒருவர் சொன்னால் கதவு தெரிகிறது, அவ்வளவுதான்.

என் ஆட்டக்காரர்கள் ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்க்கிறார்கள். மாலை முழுக்க இதிலேயே போகிறது. எப்படி நிறுத்துவது?
– வாசகர், மதுரை

தடை போடாதீர்கள், விலை போடுங்கள். இதற்கு இன்று வரை எனக்குப் பிடித்த விதி இதே ஆட்டத்தின் 1981ஆம் ஆண்டு பேசிக் விதிநூலில் இருப்பது. பத்துக்குப் பத்து அடி இடத்தைத் தேட ஒரு டர்ன், அதாவது பத்து நிமிடம். ஆறு முகப் பகடையில் 1 விழுந்தால் கதவு தெரியும், எல்ஃப் என்ற கற்பனை இனத்தவர் என்றால் 1 அல்லது 2. ஒரு கதவுக்கு ஒருவருக்கு ஒரே வாய்ப்பு. தீப்பந்தம் ஆறு டர்னில் அணைந்துவிடும். இரண்டு டர்னுக்கு ஒரு முறை அலைந்து திரியும் ஜந்து வருகிறதா என்று பகடை போட வேண்டும். 1 வந்தால் வந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பதுக்கு முப்பது அடி அறை. நான்கு சுவரும் சேர்ந்து 120 அடி, பன்னிரண்டு துண்டு. ஒரே ஆள் தேடினால் இரண்டு மணி நேரம், இரண்டு தீப்பந்தம், ஜந்துக்கு ஆறு சோதனை. ஆறில் ஒன்றாவது பலிக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. நான்கு பேர் பிரித்துக்கொண்டால் அரை மணியில் முடியும், ஆனால் ஒவ்வொரு துண்டையும் ஒருவர்தான் பார்த்திருப்பார். நான்கு பேரும் ஒரே துண்டில் நின்றால் கதவு கிடைக்கப் பாதிக்குச் சற்று மேல் வாய்ப்பு. அப்படியானால் எந்தத் துண்டு? இந்தக் கேள்வி வந்த நிமிடத்திலிருந்து அவர்கள் சுவரைத் தட்டுவதை விட்டு யோசிக்க ஆரம்பிப்பார்கள். எந்தப் பதிப்பு நடத்தினாலும் இந்த நேரக் கணக்கை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

பகடையைத் திரைக்குப் பின்னால் நீங்களே உருட்டுங்கள். 1 விழுந்ததை அவர்களே பார்த்தும் ஒன்றும் கிடைக்காவிட்டால், அங்கே கதவே இல்லை என்று தெரிந்துவிடும். “ஒன்றும் தென்படவில்லை” என்ற பதிலில் அந்தச் சந்தேகம் தங்கியிருக்க வேண்டும்.

நிஜத்தில் இப்படிக் கதவுகள் இருந்தனவா, அல்லது எல்லாம் கற்பனையா?
– வாசகி, சேலம்

இருந்தன, இன்னும் இருக்கின்றன. முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்தில் கத்தோலிக்கப் பாதிரியார்கள் பிடிபட்டால் மரண தண்டனை. அவர்களை ஒளித்து வைக்கப் பணக்காரக் குடும்பங்கள் வீட்டுக்குள் மறைவிடங்கள் கட்டின. இதில் பெரிய கைகாரர் நிக்கோலஸ் ஓவன், தச்சர் மகன், இயேசு சபைச் சகோதரர். ரகசியம் கசியாமலிருக்க இரவில் தனியாக வேலை செய்வார். 1606இல் பிடிபட்டு, லண்டன் கோபுரச் சிறையில் சித்திரவதையில் இறந்தார். அந்த இடங்களை அவர் காட்டிக் கொடுக்கவில்லை. 1970இல் புனிதர் பட்டம் தந்தார்கள்.

ஊஸ்டர்ஷயரில் உள்ள ஹார்விங்டன் ஹால் மாளிகையில் ஒரு மரத்தூண் இருக்கிறது. சுவரைத் தாங்கும் சாதாரணத் தூண் போலவே தெரியும். தள்ளினால் சுழன்று, ஆள் நுழையும் அளவு சந்து விடும். மாடிப்படியில் தூக்கித் திறக்கும் படிகளும் உண்டு. அதைக் கற்பனை செய்யும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும்: மூச்சு விடும் சத்தம் கேட்குமோ என்று உள்ளே ஒரு மனிதர், வெளியே பலகையைத் தட்டும் கைகள்.

தேட வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அறைகளை உள்ளேயும் வெளியேயும் அளந்து, கணக்கு உதைக்கிற இடத்தை உடைத்துப் பார்ப்பார்கள். ஆட்டத்துக்கு இதைவிட நல்ல தடயம் கிடையாது. உங்கள் வரைபடத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவே பத்து அடி வெற்றிடம் விடுங்கள். ஆட்டக்காரர்களில் கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரைகிறவர் ஒருவர் இருப்பார். அந்த ஓட்டை அவர் கண்ணில் படாமல் போகாது. அவருக்கு அளவுகளைச் சரியாகச் சொல்லிக்கொண்டே வாருங்கள்.

எல்ஃப் பக்கத்தில் போனாலே கதவு தெரியும் என்கிறார் என் தோழி. உண்மையா?
– வாசகி, தஞ்சாவூர்

பதிப்பைப் பொறுத்தது. இந்த ஆட்டத்தின் 1974ஆம் ஆண்டு முதல் பதிப்பில், தேடினால் மற்றவர்களுக்கு ஆறில் இரண்டு, எல்ஃபுக்கு ஆறில் நான்கு. சும்மா கடந்து போனாலே உணரும் வாய்ப்பை நடுவர் விரும்பினால் தரலாம் என்றும் இருக்கிறது. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில், ஐந்து அடிக்குள் நடந்தாலே எல்ஃப் தேடியதாகக் கணக்கு, பகடை உருட்டலாம். 2014 பதிப்பில் அந்தச் சலுகை இல்லை. பர்செப்ஷனில் தேர்ச்சி மட்டும் கிடைக்கிறது. உங்கள் தோழி மூன்றாம் பதிப்பு ஆடி வளர்ந்தவராக இருக்கலாம். எந்த விதி என்று ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.