பழைய பாணி ஸ்பீக்கர் பெட்டியை வீட்டிலேயே செய்ய ஆசை. முதலில் பெட்டி அளவை முடிவு செய்வதா, டிரைவரை வாங்குவதா?

முதலில் டிரைவர், அதாவது பெட்டிக்குள் மாட்டும், கோன் அசைந்து ஒலி எழுப்பும் பாகம். பெட்டி அதற்குப் பிறகுதான். இந்த ஒரு வரியோடு நிறுத்தியிருப்பேன், ஆனால் "1960களில் வந்த அகலமான மரப்பெட்டி மாதிரி ஒன்று செய்யப் போகிறேன், அளவு மட்டும் சொன்னால் போதும், 12 அங்குல ஊஃபர் ஏதாவது ஒன்றை மாட்டிக்கொள்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஊஃபர் என்பது தாழ்ந்த ஒலிக்கான பெரிய டிரைவர். அந்த "ஏதாவது ஒன்று" என்ற இடம்தான் என்னை எழுத வைத்தது.

உங்கள் மனதில் ஒரு படம் இருக்கும். வால்நட் நிற வெனீர், முன்னால் சணல் நிறத் துணி, கீழே சாய்வான நான்கு கால்கள். என்னை இழுத்ததும் அதே படம்தான். தோற்றத்துக்காக ஆசைப்படுவதில் தப்பே இல்லை. பல வருடம் வீட்டுக் கூடத்தில் நிற்கப் போகிற பொருள், கண்ணுக்கும் பிடிக்க வேண்டும். "பழைய பாணி என்றால் வெறும் அலங்காரம், ஒலி வேண்டுமென்றால் ஒல்லியான புதுப் பெட்டிக்குப் போ" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். அகலமான முகப்புப் பலகைக்கு ஒலியில் நிஜமான வேலை இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

என் பெட்டியின் கதையைச் சொன்னால் கணக்கு தானாகப் புரியும். நான் முதலில் வாங்கியது காகிதக் கோனும் துணி ஓரமும் உள்ள 12 அங்குல ஊஃபர். அதன் தாளில் மூன்று எண்களைத்தான் பார்த்தேன். எஃப்.எஸ். 30 ஹெர்ட்ஸ், அதாவது பெட்டியில்லாமல் வெறுமனே இருக்கும்போது கோன் இயல்பாக அதிரும் அதிர்வெண். வி.ஏ.எஸ். 140 லிட்டர், அதாவது கோனைத் தாங்கும் ஓரத்துக்கும் உள்வளையத்துக்கும் உள்ள இழுவிசைக்குச் சமமான இழுவிசை தரக்கூடிய காற்றின் அளவு. க்யூ.டி.எஸ். 0.40, அந்த அதிர்வை மேக்னட்டும் மற்றவையும் சேர்ந்து எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதற்கான எண். சின்ன எண் என்றால் இறுக்கம், பெரிய எண் என்றால் தளர்ச்சி.

மூடிய பெட்டிக்குக் கணக்கு மிக எளிது. பெட்டிக்குள் போனதும் க்யூ எண் எவ்வளவு உயர வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். 0.7 பக்கம் வைத்தால் பாஸ், அதாவது தாழ்ந்த ஒலி, எங்கும் துருத்தி நிற்காமல் சீராக இறங்கும். 0.707-ஐ 0.40-ஆல் வகுத்து, அதன் வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால் சுமார் 2.12. வி.ஏ.எஸ். 140-ஐ அதனால் வகுத்தால் 66 லிட்டர். அவ்வளவுதான். பெட்டிக்குள் அதிர்வெண்ணும் க்யூ ஏறிய அதே விகிதத்தில் ஏறி 53 ஹெர்ட்ஸுக்கு வரும்.

அதற்கு அப்புறம்தான் மரத்தைத் தொட்டேன். 50 செ.மீ. அகலம், 65 உயரம், 30 ஆழம், 18 மி.மீ. பிளைவுட். உள்ளே 75 லிட்டர் வருகிறது. குறுக்குச் சட்டங்கள், ஊஃபரின் பின்பகுதி, ஒலியை டிரைவர்களுக்குப் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் பலகை, நடு ஒலிக்கான மிட் ஸ்பீக்கரின் தனி அறை எல்லாம் போனால் மிச்சம் 67க்குப் பக்கம். இந்த 50க்கு 65 என்ற முகப்புதான் நீங்கள் படத்தில் பார்த்த அந்தப் பழைய தோற்றம். அது கணக்குக்குள் பொருந்தியது. பொருந்தாமல் போயிருந்தால் தோற்றத்தை மாற்றியிருப்பேன், ஊஃபரின் எண்ணை மாற்ற முடியாது.

அதே ஊஃபருக்கு போர்ட், அதாவது காற்று போய்வரும் குழாய், வைத்த பெட்டியும் செய்யலாம். சுமார் 100 லிட்டர், 10 செ.மீ. விட்டமும் 19 செ.மீ. நீளமும் உள்ள குழாய், 30 ஹெர்ட்ஸுக்கு ட்யூன் ஆகும். பாஸ் இன்னும் கீழே போகும், உண்மைதான். ஆனால் ட்யூன் செய்த இடத்துக்குக் கீழே கோனுக்குக் காற்றின் பிடி இருக்காது. நான் இசைத்தட்டு கேட்பவன். தட்டு லேசாக வளைந்திருந்தாலே காதுக்குக் கேட்காத சில ஹெர்ட்ஸ் அதிர்வு ஆம்புக்குள் போய் கோனை முன்னும் பின்னும் ஆட்டும். மூடிய பெட்டி அதை அடக்குகிறது. போர்ட் பிரியர்கள் இதற்கு ஃபில்டர் போடலாமே என்பார்கள். போடலாம், நான் மறுக்கவில்லை. எனக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது அந்த "ஏதாவது ஒன்று" எனக்குத் தந்த வருத்தத்துக்கு வருகிறேன். என் பெட்டியைக் கேட்டுவிட்டுப் போன ஒரு நண்பர் வரைபடம் கேட்டார். கொடுத்தேன். எண்களையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். அவர் மரத்தை மில்லிமீட்டர் பிசகாமல் அறுத்தார், வெனீர் என்னுடையதைவிட நன்றாக ஒட்டினார். உள்ளே மட்டும் கைவசம் இருந்த வேறொரு 12 அங்குல ஊஃபரை மாட்டினார். அதன் க்யூ.டி.எஸ். 0.8, வி.ஏ.எஸ். 130, எஃப்.எஸ். 45. பிறகு, "அவன் டிசைன் சரியில்லை, ஆண் குரலெல்லாம் பானைக்குள் இருந்து வருகிற மாதிரி இருக்கிறது" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த ஊஃபர் 67 லிட்டருக்குள் போனால் க்யூ 1.37க்கு ஏறும். 90 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மூன்று டெசிபெலுக்கு மேல் ஒரு மேடு. குரலின் அடிப்பகுதி அங்கேதான் இருக்கிறது. பானை மாதிரி கேட்காமல் வேறு எப்படிக் கேட்கும்? அது மோசமான ஊஃபர் என்றுகூடச் சொல்ல மாட்டேன். பின்பக்கம் திறந்த பழைய ரேடியோகிராம் அலமாரிகளில் இப்படித் தளர்ந்த ஸ்பீக்கர்கள்தான் இருந்தன, அங்கே இனிமையாகவே பாடின. அவர் பின்பலகையைக் கழற்றி, அகலமான திறந்த பலகையில் மாட்டியிருந்தால் அது நன்றாகப் பாடியிருக்கும். இதை அவரிடமும் சொன்னேன். 12 அங்குலம் என்பது விட்டம் மட்டும். அதை வைத்து ஊஃபரின் குணத்தைச் சொல்ல முடியாது.

பழைய காலத்தவர்கள் இந்தக் கணக்கெல்லாம் இல்லாமல்தானே செய்தார்கள் என்று ஒரு கேள்வி வரும். ஓரளவு உண்மை. ரைஸும் கெல்லாக்கும் இன்றைய வடிவ ஸ்பீக்கரை விளக்கியது 1925-ல். போர்ட் பெட்டிக்குத் துராஸ் காப்புரிமை பெற்றது 1932-ல். மூடிய சின்னப் பெட்டியின் காற்றையே ஸ்பிரிங்காகப் பயன்படுத்தி வில்ச்சர் ஏ.ஆர்.-1 கொண்டுவந்தது 1954-ல். டிரைவரின் எண்களிலிருந்து பெட்டிக்குப் போகும் முறையைத் தீல் 1961-ல் ஆஸ்திரேலியாவில் எழுதினார். 1971-ல் அது மறுபடி அச்சான பிறகுதான் உலகம் கவனித்தது, ஸ்மால் என்பவர் அதை விரிவாக்கினார். அதற்கு முன்னால் நல்ல பெட்டி செய்தவர்கள் அளந்தும் கேட்டும் திருத்தியும் செய்தார்கள். நமக்கு அந்த உழைப்பு மிச்சம். கிடைத்ததைப் பயன்படுத்துவதால் பழைய பாணி ஒன்றும் கெட்டுப்போகாது.

அகலமான முகப்புக்கு வருவோம். உயர் ஒலி முகப்பில் பட்டு முன்னால் மட்டும் வரும். தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றிப் பின்னாலும் போய்விடும், அதனால் முன்னால் 6 டெசிபெல் வரை குறையும். இந்த மாற்றத்தின் நடு இடம், 115-ஐ மீட்டரில் உள்ள அகலத்தால் வகுத்தால் வரும். 20 செ.மீ. பெட்டிக்கு 575 ஹெர்ட்ஸ், குரலுக்கு நடுவில். 50 செ.மீ. பெட்டிக்கு 230 ஹெர்ட்ஸ். ஒல்லிப் பெட்டியில் இதைச் சரிசெய்ய கிராஸ்ஓவரில் மேல் ஒலியைக் குறைக்க வேண்டும், அதில் கணிசமான ஒலியளவு வீணாகும். அகலப் பெட்டியைச் சுவருக்கு அருகில் வைத்தால் அந்த இழப்பில் பெரும்பகுதியைச் சுவரே திருப்பித் தந்துவிடும். என்னுடையது ஒரு வாட்டுக்கு 91 டெசிபெல். 85 டெசிபெல் பெட்டி அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு வாட் கேட்கும். பெரிய பெட்டியின் பலன் இதுதான். சின்னப் பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த வாட்டில் அதிக ஒலியளவு மூன்றையும் சேர்த்து யாராலும் தர முடியாது.

அகலத்துக்கு ஒரு விலையும் உண்டு. ஓரங்களில் ஒலி சிதறும். உயர் ஒலிக்கான சின்ன டிரைவரான ட்வீட்டரை நட்டநடுவில் வைக்காமல் சற்று ஒதுக்கி, நான்கு ஓரங்களுக்கும் தூரம் வேறுவேறாக இருக்கும்படி வையுங்கள். பழைய பெட்டிகளில் முகப்பைச் சுற்றி ஒரு மரச்சட்டம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும், படத்தில் அழகாக இருக்கும். அதை முடிந்தவரை சின்னதாக வைத்து, உட்பக்கம் கம்பளித்துணி ஒட்டுங்கள். டிரைவர்களை முகப்பின் பின்னாலிருந்து மாட்டுவதும் பழைய வழக்கம்தான், ஆனால் ஓட்டையின் விளிம்பு ட்வீட்டருக்கு முன்னால் சுவர் மாதிரி நிற்கும். முன்னாலிருந்து குடைந்து, சமமட்டமாகப் பதியுங்கள்.

டிரைவர் தேர்வில் பலர் கோட்டை விடுவது நடுப்பகுதியில். 12 அங்குலக் கோனின் வேலை செய்யும் விட்டம் சுமார் 25 செ.மீ. 1,400 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி அலையின் நீளமும் அதே அளவு. அதற்கு மேலே ஒலி டார்ச் வெளிச்சம் போல நேராக மட்டும் போகும், பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு மங்கலாகக் கேட்கும். சாதாரண ஒரு அங்குல டோம் ட்வீட்டரை 2,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்கினால் திணறும். இடைவெளி தெரிகிறதா? அதனால்தான் நான் 5 அங்குல மிட் ஒன்றைத் தனி அறையில் போட்டு, 500 ஹெர்ட்ஸிலும் 3,000 ஹெர்ட்ஸிலும் பிரித்தேன். நடு ஒலியின் மேல்பகுதியையும் உயர் ஒலியையும் சேர்த்துத் தரக்கூடிய, புனல் மாதிரி ஹார்ன் வைத்த கம்ப்ரெஷன் டிரைவர் போட்டால் இரண்டே டிரைவரில் முடிக்கலாம், அதுவும் நல்ல பழைய வழி. இது உங்கள் முதல் பெட்டி என்றால், 8 அங்குல ஊஃபரும், முன்னால் சிறு குழிவு வைத்த டோம் ட்வீட்டரும் போதும். முகப்பு அகலமாகவே இருக்கட்டும், ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டிரைவரே வேண்டும் என்றால் ஃபோம் ஓரம் உள்ளதைக் கவனமாகப் பாருங்கள். அது காலப்போக்கில் தொட்டாலே பொடியாகும். துணி ஓரம் நீண்ட நாள் தாங்கும். கோனை இரு கைவிரல்களால் சமமாக அழுத்தி, உரசும் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். 8 ஓம் டிரைவர் மீட்டரில் 6 ஓம் பக்கம் காட்ட வேண்டும். பழைய தாளை நம்பாமல் மூன்று எண்களையும் நீங்களே அளந்துகொள்ளுங்கள், ஒரு ரெசிஸ்டரும், கோனில் ஒட்ட எடை தெரிந்த ஒரு சிறு பொருளும், கணினியும் இருந்தால் முடியும். அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த அல்னிகோ மேக்னட் இருந்தால்தான் பழைய ஒலி வரும் என்பார்கள். 1970களின் கடைசியில் கோபால்ட் விலை ஏறியதால்தான் பெரும்பாலான கம்பெனிகள் ஃபெரைட்டுக்குப் போயின. நன்றாகச் செய்த ஃபெரைட் டிரைவரை நான் சந்தோஷமாக வாங்குவேன். அல்னிகோ ரசிகர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம், நல்ல அல்னிகோவும் நல்லதுதான்.

வால்வ் ஆம்ப் வைத்திருக்கிறீர்கள் என்றால் இன்னொரு கணக்கு. வெளியீட்டைத் திருப்பி உள்ளே கொடுத்துத் திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக் இல்லாத ஆம்பின் வெளியீட்டு மின்தடை 2 ஓம் என்று வையுங்கள். என் ஊஃபரின் க்யூ.டி.எஸ். 0.40 அதோடு சேரும்போது 0.52 ஆகிவிடும், அதே பெட்டியில் க்யூ 0.9 தாண்டும். பாஸ் சற்றுப் புஷ்டியாகும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் தெரிந்து செய்ய வேண்டும், பெட்டியை அறுப்பதற்கு முன்.

இதை எழுதும்போது இன்னொன்றும் மனதை உறுத்துகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். வீட்டுக்கு வருகிறவர்கள் "எங்கே, உங்கள் ஸ்பீக்கரைப் போடுங்கள் கேட்போம்" என்பார்கள். தட்டை எடுத்துத் துடைத்து, ஊசியை வைத்து, பல்லவி தொடங்கும்போதே பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு பாட்டு, நான்கு நிமிடம். அதை முழுதாகக் கேட்க இன்று யாருக்கும் பொறுமை இல்லை. நான் யாரையும் தனியாகக் குறை சொல்லவில்லை, என் வீட்டு ஆட்களும் இப்படித்தான். ஆனால் பாடியவரும் வாசித்தவர்களும் அவ்வளவு பாடுபட்டது, நம் பேச்சுக்குப் பின்னணியாக ஓடுவதற்கு அல்ல.

சரி, மரம். பிளைவுட், எம்டிஎஃப் இரண்டும் நல்லவை. முழு மரப்பலகையில் பெட்டி செய்யாதீர்கள், ஈரப்பதத்துக்கு ஏற்ப விரிந்து சுருங்கி மூட்டு விடும். மரத்தின் அழகை வெனீர் கொடுக்கும். குறுக்குச் சட்டத்தைப் பலகையின் சரிபாதியில் வைக்காமல் தள்ளி வையுங்கள், இரண்டு பாதியும் ஒரே இடத்தில் அதிராது. உள்ளே பாலியெஸ்டர் பஞ்சைத் தளர்வாக நிரப்புங்கள், பெட்டி சற்றுப் பெரிதானது போல நடந்துகொள்ளும். முன் துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு தடையில்லாமல் போனால் ஒலியும் போகும். போகாவிட்டால் எவ்வளவு அழகான துணியானாலும் வேண்டாம்.

முகப்பில் வட்டம் வெட்டுவதை மட்டும் டிரைவர் கைக்கு வந்து, நீங்களே அதை அளந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தாளில் போட்டிருக்கும் விட்டமும் நிஜ விட்டமும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வேறுபடுவது சகஜம். வாங்கியதும் அந்த மூன்று எண்களையும், உங்கள் ஆம்ப் எது என்பதையும் இங்கே எழுதுங்கள், பெட்டிக் கணக்கை நான் போட்டுத் தருகிறேன். என் வரைபடத்தை மட்டும் கேட்காதீர்கள், அது என் ஊஃபருக்குப் போட்டது.