கெக் மூன்று, கேள்வி பல

பீர் ஆலைகள் சரக்கு அனுப்பும் எஃகுப் பீப்பாய்க்குக் கெக் என்று பெயர். அதில் மூன்றை வெட்டிக் கலன்களாக்கி, முளைகட்டி உலர்த்திய பார்லியிலிருந்தே பீர் காய்ச்சும் அமைப்பைக் கட்டுவது எப்படி என்று கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பக்கத்து நண்பர்களும் வெளிநாட்டிலிருக்கும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கேட்டிருந்தார்கள். நான் கோவை கணபதியில் பட்டறை வேலை பழகி, இப்போது அமெரிக்காவின் ஒஹையோவில் குடியிருப்பவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இதை நம் ஊரில் செய்யலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்)

கூடாது ஐயா. 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்றும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். ராஜாஜி முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்ததே அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது அதற்குள் அடக்கம். அமெரிக்காவில் 1978-இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டத்தின்படி, பெரியவர்கள் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன் வரை சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சலாம். விற்கக் கூடாது. ஆகவே கீழே வருவது அனுமதி உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு. ஊரில் இருப்பவர்கள் வெல்டிங், பம்ப், குளிர்விப்பு விஷயங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கலன் போதாதா? எதற்கு மூன்று? (கரூர்)

முதல் கலனில் வெந்நீர். இரண்டாவதில் உடைத்த மால்ட்டையும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) வெந்நீரையும் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைப்பது. இதற்கு மாஷ் என்று பெயர். தானியத்தின் மாவுச்சத்து அங்கே சர்க்கரையாக மாறும். அந்த இனிப்பு நீரை வடித்து, மிச்ச சர்க்கரையை முதல் கலனின் வெந்நீரால் அலசி எடுத்து, மூன்றாவதில் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைக்க வேண்டும். பெரிய துணிப்பையில் தானியத்தைக் கட்டி ஒரே கலனில் முடிப்பவர்களும் உண்டு. 20 லிட்டர் காய்ச்ச அதுவே போதும். 40 லிட்டருக்கு ஈரத் தானியப் பையைத் தூக்கிப் பார்த்தால் மூன்று கலன் ஏன் என்று இடுப்பு சொல்லும்.

இங்கே ஸ்டுட்கார்ட்டில் பழைய கெக் மலிவாகக் கிடைக்கிறது அண்ணா. எப்படி வெட்டுவது? (பெருந்துறைக்காரர், மேற்படிப்பு மாணவர்)

தம்பி, முதலில் அது யாருடையது என்று பார். கெக் மீது ஆலையின் பெயர் பொறித்திருந்தால் அது ஆலையின் சொத்து. டெபாசிட் கட்டி எடுத்துவந்ததால் உனக்குச் சொந்தமாகிவிடாது. கழித்துவிட்ட கெக்கை ஆலையே விற்கும், ரசீதோடு வாங்கு.

அடுத்தது, காலியாகத் தெரிகிற கெக்கிலும் அழுத்தம் இருக்கும். வாய் வால்வை அழுத்தி, கடைசிச் சீறல் ஓயும்வரை வாயுவை வெளியேற்று. முகத்தைக் குனிந்து கொடுக்காதே. பிறகு வளையத்தைக் கழற்றி, உள்ளே நிற்கும் நீண்ட குழாயை உருவி எடு. அதன்பிறகுதான் கிரைண்டர் பக்கத்தில் வர வேண்டும். மூடிய கெக்கை வெட்டுவதும் நெருப்பில் வைப்பதும் வெடிகுண்டோடு விளையாடுவது.

மேலே 30 செ.மீ. விட்டத்தில் வட்டம் வரைந்து, எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வெட்டும் மெல்லிய சக்கரத்தால் சிறிது சிறிதாக வெட்டு. இரும்பு வெட்டிய சக்கரத்தை இதற்குப் பயன்படுத்தாதே; அதில் ஒட்டிய துகள் எஸ்.எஸ். மீது பதிந்து அந்த இடம் துருப்பிடிக்கும். வெட்டு விளிம்பு கத்தியாகவே நிற்கும். முதலில் அரம், பிறகு ஃபிளாப் வீல் (உப்புத்தாள் மடல்கள் கொண்ட சக்கரம்), கடைசியில் விரலைச் சுற்றி ஒரு துணியை வைத்து விளிம்பு முழுக்க ஓட்டிப் பார். நூல் மாட்டும் இடத்தில் இன்னொரு முறை தேய்.

பட்டறையில் வால்வு சாக்கெட்டை வெல்டிங் செய்து மகனுக்கு அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். சரியா? (ஃபேப்ரிகேஷன் பட்டறை, சிட்கோ, கோவை)

அனுப்பலாம் அண்ணா, இரண்டு விஷயம் கவனியுங்கள். கெக்கின் சுவர் மெல்லியது, 304 எஸ்.எஸ். வெளியில் டிக் வெல்டிங் அழகாக விழுந்தாலும், உள்பக்கம் ஆர்கான் வாயு கொடுக்காவிட்டால் பின்புறம் கருத்துப் பொரிந்துவிடும். அந்தச் சொரசொரப்பில் அழுக்கு உட்காரும், துரு ஆரம்பிக்கும்.

இரண்டாவது, மரை. நம் ஊர் அரை அங்குலம் பி.எஸ்.பி. என்ற பிரிட்டிஷ் மரை; அங்கே என்.பி.டி. என்ற அமெரிக்க மரை. இரண்டுக்கும் அங்குலத்துக்கு 14 மரை என்பதால் முதல் சில சுற்று ஒழுங்காக ஏறும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. டெஃப்லான் டேப்பை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கசிவு நிற்காது. சாக்கெட்டை அனுப்பினால் வால்வையும் சேர்த்தே அனுப்புங்கள். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. நிப்பிள் மட்டும் வேண்டாம். வடிநீர் (மாஷிலிருந்து வடிக்கும் இனிப்பு நீர்) புளிப்புத்தன்மை உள்ளது. துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும்.

வெல்டிங்கே வேண்டாம் என்றால், ஸ்டெப் டிரில்லால் 21, 22 மி.மீ. துளை போட்டு, சிலிக்கோன் ஓ-ரிங்கோடு இருபுறமும் நட்டு முறுக்கினால் போதும். என் கொதிக்கவைக்கும் கலனில் இருப்பது அதுதான். கழற்றிக் கழுவ முடிகிறதே என்பதற்காகவே எனக்கு வெல்டிங்கைவிட இது பிடிக்கும்.

பம்ப் விஷயத்தில் நம்மை விட்டுவிட்டீர்களே. ஒரு சின்ன மோனோபிளாக் போதாதா? (பம்ப் பட்டறை, பீளமேடு)

கிணற்றுக்குப் போதும், இதற்கு ஆகாது. வார்ப்பிரும்பு உடம்பும் சாதாரண சீலும் உணவுப் பொருளுக்கு உரியவை அல்ல. காந்த இணைப்பில் ஓடும் சிறிய பம்ப் வாங்கச் சொல்லுங்கள். மோட்டார் தண்டு திரவத்தைத் தொடாது, சீல் கிடையாது. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சக்ஷன் (உறிஞ்சும்) பக்கம் எப்போதும் திறந்தே இருக்கட்டும். ஓட்டத்தைக் குறைப்பது டெலிவரி (வெளியேற்றும்) வால்வில் மட்டும். கொதிநிலையை ஒட்டிய திரவத்தைச் சக்ஷனில் நெருக்கினால் அங்கேயே ஆவியாகிப் பம்ப் வெறுமனே சுற்றும். கலனுக்குக் கீழே பம்ப்பை வையுங்கள். உலர ஓட்டக் கூடாது.

பம்ப்பே வேண்டாம் என்றால் மூன்று கலனையும் படிப்படியாக அடுக்கலாம், புவியீர்ப்பு வேலை செய்யும். ஆனால் 50 லிட்டர் வெந்நீர் தலைக்கு மேலே நிற்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

மாஷ் வெப்பநிலை ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். எதைப் பிடிப்பது? (உணவுத் தொழில்நுட்பம் படித்தவர், பொள்ளாச்சி; இப்போது மெல்பர்ன்)

நல்ல கேள்வி அம்மணி. எல்லாரும் கலனின் பளபளப்பைப் பற்றிக் கேட்கிறார்கள். பீரின் குணம் முடிவாவது இங்கேதான். மால்ட்டில் இரண்டு நொதிகள். பீட்டா அமைலேஸ் 60 முதல் 65 டிகிரி செல்சியஸில் சுறுசுறுப்பு. ஈஸ்ட் முழுதாகத் தின்னும் சர்க்கரையைத் தரும், பீர் இலேசாக இருக்கும். ஆல்ஃபா அமைலேஸ் 70-ஐ ஒட்டி வேலை செய்யும். ஈஸ்ட் தொடாத மிச்சம் தங்கி, பீர் கனமாகும். 65-இல் பிடித்தாலும் 68-இல் பிடித்தாலும் பீர்தான், ஆனால் வாயில் வேறு வேறு.

தண்ணீரை எவ்வளவு சூடாக்குவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கிலோ தானியத்துக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், 0.41-ஐ 3-ஆல் வகுத்து, மாஷ் இலக்குக்கும் தானியத்தின் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் பெருக்கி, இலக்கோடு கூட்ட வேண்டும். தானியம் 20 டிகிரி, இலக்கு 67 என்றால் தண்ணீர் சுமார் 73.5. கெக்கின் எஃகும் வெப்பத்தை இழுக்கும், அதனால் வெந்நீரை முதலில் கலனில் ஊற்றிச் சூடு ஏறவிட்டுப் பிறகு தானியத்தைப் போடு. கடைசி அலசல் நீர் 76-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் உமித்தோலின் துவர்ப்பு இறங்கிவிடும். ஒரு மணி நேரம் கழித்து வெள்ளைத் தட்டில் ஒரு துளி வடிநீர், அதில் ஒரு சொட்டு அயோடின். கருநீலமானால் மாவு மிச்சம், காத்திரு. பழுப்பாகவே நின்றால் வடிக்கலாம்.

எங்களிடம் உமி மலைபோல் கிடக்கிறது. இதில் அதற்கு வேலை உண்டா? (அரிசி ஆலை, காங்கயம்)

உண்டு! கோதுமைக்குத் தோல் இல்லாததால், கோதுமை பீர் காய்ச்சும்போது தானியம் களியாக இறுகி வடிதல் நின்றுபோகும். அப்போது தானிய எடையில் 5 முதல் 10 சதவீதம் நெல் உமியைக் கழுவிக் கலப்பது உலகம் முழுதும் உள்ள வழக்கம். அங்கே அதைப் பொட்டலம் போட்டு விற்கிறார்கள். விலையைச் சொன்னால் உங்களுக்கு வயிற்றெரிச்சல் வரும்.

சிறுவாணித் தண்ணீர் நல்லதா, போர்வெல்லா? (கோவை)

எந்த பீர் என்பதைப் பொறுத்தது. செக் நாட்டின் பில்சன் நகரத் தண்ணீர் சிறுவாணியைப் போல மென்மையானது; வெளிர் நிற லாகர் வகை பீர் பிறந்தது அங்கே. ஜிப்சம் நிறைந்த இங்கிலாந்தின் பர்ட்டன் தண்ணீர் ஹாப்ஸ் கசப்பைத் தூக்கிக் காட்டும். பைகார்பனேட் மிகுந்த தண்ணீர்தான் தொல்லை, மாஷின் பி.எச். (புளிப்பு அளவு) 5.2 முதல் 5.6-க்குள் இறங்காது. கறுப்பு மால்ட்டின் புளிப்பு அதைச் சரிக்கட்டும்.

டெக்சஸில் கோடைக்குக் குழாய்த் தண்ணீரே வெதுவெதுப்பு என்கிறான் தம்பி. கொதித்ததை எப்படி ஆற்றுவது? (சாயப்பட்டறை, திருப்பூர்)

உங்கள் பட்டறையின் தட்டு வெப்பப் பரிமாற்றியின் குட்டி வடிவம் கிடைக்கிறது, ஆனால் ஹாப்ஸ் துணுக்கு அடைத்துக்கொள்ளும். 15 மீட்டர் செப்புக் குழாயைச் சுருளாக வளைத்து உள்ளே இறக்குவதே மேல். குழாய்த் தண்ணீரில் 40 டிகிரி வரை இறக்கிவிட்டு, பிறகு ஒரு வாளி ஐஸ் தண்ணீரைச் சின்ன பம்ப்பால் அதே சுருளில் சுற்றவிடச் சொல்லுங்கள். 20-க்கு வந்த பிறகுதான் ஈஸ்ட்.

பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவலாமா? சக்கையை என்ன செய்வது? (தாராபுரம்)

குளோரின் எஸ்.எஸ்.ஸில் ஊசிக்குத்துப் போலக் குழி விழவைக்கும். காரச் சோப்புத்தூள், பிறகு சிட்ரிக் அமிலம் போதும். மால்ட் சக்கை மாட்டுக்கு நல்ல தீவனம். அன்றே போட்டுவிட வேண்டும், மறுநாள் புளித்துவிடும். ஹாப்ஸ் சக்கையை மட்டும் நாய் எட்டாத இடத்தில் புதையுங்கள். அது நாய்க்கு விஷம். உடல் சூடு தாறுமாறாக ஏறிச் செத்துவிடும்.